எத்தனை தடவை கேட்டார்கள்: காவல்துறையின் குழந்தைப் பாதுகாப்புச் சேவைக்கு என் மதிப்பெண்

கடைசியாக நான் மதிப்புரை எழுதியது ஒரு துணி துவைக்கும் இயந்திரத்துக்கு. சத்தம் அதிகம் என்று மூன்று நட்சத்திரம் கொடுத்தேன். இப்போது எழுதப்போவது காவல்துறைக்கு. ஒரு குழந்தை வீட்டில் அடி வாங்குகிறது, அல்லது கவனிப்பாரில்லாமல் கிடக்கிறது என்று சந்தேகப்பட்டு நாம் போன் செய்தால் அவர்கள் என்ன செய்கிறார்கள்? அந்தச் சேவையை நான் இரண்டு தடவை பயன்படுத்தியிருக்கிறேன். இரண்டு தடவையும் ஒரே துறைதான், நாலு வருட இடைவெளி. முதல் தடவைக்கு ஐந்துக்கு ஒன்று. இரண்டாவதற்கு நாலு.

நான் மழலையர் பள்ளி ஆசிரியை. பதினாறு வருடமாக இதே வேலை. ஊர், ஸ்டேஷன், பள்ளி எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. பிள்ளைகளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

இந்தச் சேவையின் உண்மையான வாடிக்கையாளருக்கு மதிப்புரை எழுதத் தெரியாது. பேரை எழுதவே இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் வயது. அதனால் அவர்கள் சார்பில் நான் ஒரே ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டேன். நடந்ததை அந்தப் பிள்ளை எத்தனை பேரிடம் சொல்ல வேண்டியிருந்தது? மற்றதெல்லாம் எனக்கு அதற்கு அப்புறம்தான்.

முதல் தடவை, மூன்றரை வயதுப் பையன். ஒரு திங்கட்கிழமை காலை தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தான். கழற்றினால் இடது காது முழுக்கக் கன்றிப்போய், மேல்விளிம்பு கருநீலமாக இருந்தது. ஊஞ்சலிலிருந்து விழுந்துவிட்டான் என்று கொண்டுவந்து விட்டவர் சொல்லிப் போயிருந்தார்.

எனக்கு அப்போது மருத்துவம் ஒன்றும் தெரியாது. ஆனால் விழுந்த பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஓடி விழும் பிள்ளைக்கு முழங்கால், கெண்டைக்காலின் முன்பக்கம், நெற்றி, முகவாய் என எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில்தான் அடிபடும். காது அப்படியல்ல, ஒரு பக்கம் தலை, ஒரு பக்கம் தோள், இரண்டும் அதற்குக் காவல். பிற்பாடுதான் தெரிந்தது, குழந்தை மருத்துவர்கள் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள் என்று. டென்-ஃபோர் என்பார்கள். நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் உடற்பகுதி, காது, கழுத்து ஆகியவற்றில் கன்றியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். நாலு மாதக் கைக்குழந்தை வரை, உடம்பில் எங்கே கன்றியிருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். தவழக்கூடத் தெரியாத குழந்தை எங்கே போய் இடித்துக்கொள்ளும்?

இங்கே முதல் தப்பு என்னுடையது. "யாரு அடிச்சா கண்ணா?" என்று கேட்டுவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் இருந்ததால் திரும்பவும் கேட்டேன். அப்புறம் தலைமையாசிரியை கேட்டார். அப்புறம் போன் செய்தோம்.

சீருடையில் இரண்டு பேர் வந்தார்கள். வேகமாக வந்தார்கள், அதற்குத்தான் அந்த ஒரு நட்சத்திரம். ஜீப்பைப் பள்ளி வாசலிலேயே நிறுத்தினார்கள், ஜன்னல் பூராவும் பிள்ளைகள் முகம். பையனை அலுவலகத்துக்கு அழைத்து, மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்து, பெரியவர் கேட்டார்: "அப்பா அடிச்சாரா?" அவன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு "இல்லை" என்றான். அடுத்த கேள்வி: "அப்போ அம்மாவா?" அதற்கும் இல்லை. "அப்போ விழுந்துட்டியா?" ஆமாம் என்று தலையாட்டினான். மேசைக்குப் பின்னால் தொப்பி போட்ட மாமா கேட்கும்போது, எதற்கு ஆமாம் சொன்னால் வீட்டுக்குப் போகலாமோ அதற்கு ஆமாம் சொல்வதுதானே பிள்ளை?

மாலையில் ஸ்டேஷனில் ஒருவர் கேட்டார். மறுநாள் மருத்துவமனையில் ஒருவர். எண்ணிப் பாருங்கள், என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஐந்தாவது ஆளிடம் ஊஞ்சல் போய்ப் படிக்கட்டு வந்துவிட்டது. "பிள்ளை மாற்றி மாற்றிச் சொல்கிறது" என்று எழுதி மூடினார்கள். இதற்கு நடுவில் அப்பாவை வரவழைத்து, பள்ளிக்கூடத்திலிருந்துதான் புகார் என்றும் சொல்லிவிட்டார்கள். "வீட்டு விஷயம், நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று எனக்கு அறிவுரை. புதன்கிழமை அவன் வரவில்லை. அடுத்த வாரம் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார்கள். இப்போது எங்கே படிக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

வீட்டு விஷயம் என்ற சொல் எனக்குள் ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு காலத்தில் உலகமே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 1962-ல் ஹென்றி கெம்ப் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் அவருடன் வேலை பார்த்தவர்களும், எலும்பு முறிந்தும் தலையில் ரத்தம் கட்டியும் வரும் சிசுக்களில் பலர் விழுந்தவர்கள் அல்ல, அடிக்கப்பட்டவர்கள் என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்க மாநிலங்கள் எல்லாவற்றிலும் மருத்துவர் போன்றவர்கள் சந்தேகத்தைப் புகாராகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்து என்ன, புகாரை வாங்குகிறவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து "அப்பா அடிச்சாரா" என்று கேட்டால்?

அந்தக் கேள்வியில் என்ன கோளாறு என்பது ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார்கள் என்று கலிபோர்னியாவில் 1983-ல் தொடங்கிய மக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கைப் படித்தபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அங்கே நடந்தது இதற்கு நேரெதிர். நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் "இது நடந்ததுதானே, மற்றவர்கள் சொல்லிவிட்டார்களே" என்ற தோரணையில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பிள்ளைகள் ஆமாம் என்றார்கள், பறக்கும் மனிதர்கள், சுரங்கப்பாதை என்று என்னென்னவோ சொன்னார்கள். ஏழு வருடம் இழுத்து, 1990-ல் ஒருவருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது. கேள்விக்குள் பதிலை வைத்துக் கேட்டால் பிள்ளை அந்தப் பதிலைத்தான் திருப்பிக் கொடுக்கும். என் பையன் இல்லை என்றான், அந்தப் பிள்ளைகள் ஆமாம் என்றார்கள், இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான். இதில் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கும் நியாயம் கிடைக்காது, தப்புச் செய்யாத பெரியவருக்கும் கிடைக்காது.

சரி, இரண்டாவது தடவை.

ஆறு வயதுப் பெண். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. காலை பத்து மணிக்கு மேசையில் தலைவைத்துத் தூங்கிவிடுவாள். ஒரே உடுப்பு நாலு நாள். மற்றப் பிள்ளைகளின் பையைத் திறந்து சாப்பாட்டை எடுப்பாள், அதில் பாதியைத் தன் பையில் ஒளித்துவைப்பாள். யாருக்கு என்று கேட்டதற்கு "தம்பிக்கு" என்றாள். தம்பிக்கு இரண்டு வயது. இந்தத் தடவை நான் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு நோட்டுப் போட்டு, தேதி, நேரம், பார்த்தது, அவள் சொன்ன வார்த்தை என்று எழுதிக்கொண்டே வந்தேன். அவள் வார்த்தையை அவள் சொன்னபடியே. "ராத்திரி நான்தான் அம்மா" என்று ஒரு நாள் சொன்னாள், அதை அப்படியே எழுதினேன். ஒன்பது நாள் ஆனதும் போன் செய்தேன்.

கவனிப்பின்மை என்றால் இரண்டாம்தரப் புகார் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நானும் கொஞ்சம் தயங்கினேன், அதனால்தான் ஒன்பது நாள். ஆனால் அமெரிக்காவின் கணக்கில் வருடாவருடம் முதலிடத்தில் இருப்பது அடி உதை அல்ல, இதுதான். உறுதிசெய்யப்பட்ட புகார்களில் வரும் பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்கு நடப்பது கவனிப்பின்மை. உயிரும் போகும் விஷயம். பூட்டிய வீட்டில் தீப்பிடித்தால் கீறல் இருக்கிறதா இல்லையா என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

போனை எடுத்தவர் கேட்டதிலேயே வித்தியாசம் தெரிந்தது. பிள்ளை இந்த நிமிடம் எங்கே இருக்கிறாள், அவளைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், வீட்டில் வேறு சிறு பிள்ளை உண்டா, வீட்டில் ஆயுதம், போதை, சண்டை பற்றி ஏதாவது தெரியுமா, அவள் சொன்னது உங்கள் வார்த்தையா அவள் வார்த்தையா. கடைசிக் கேள்விக்கு நோட்டைப் பார்த்துப் படித்தேன். "இனிமேல் அவளிடம் நீங்கள் ஒன்றும் கேட்க வேண்டாம் டீச்சர்" என்றார். இதுவரை ஐந்து நட்சத்திரம்.

குறை இதற்கு அப்புறம். நான் அழைத்தது வெள்ளிக்கிழமை மாலை. குழந்தைகளுக்கான தனிப் பிரிவு சனி, ஞாயிறு இயங்காதாம். இரவு ரோந்துக்காரர் ஒருவர் போய்த் தட்டிப் பார்த்து, பதில் இல்லை என்று திரும்பிவிட்டார். தட்டினால் பதில் இல்லாமல் இருப்பதுதானே புகாரே! திங்கள் வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்லை. லண்டனில் 2000-ல் இறந்துபோன எட்டு வயதுச் சிறுமி விக்டோரியா கிளிம்பியேதான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தாள். உடம்பில் 128 காயங்கள். அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வாய்ப்பு பன்னிரண்டு தடவையாவது கைக்கு வந்து நழுவியது என்று 2003-ல் வெளிவந்த லேமிங் விசாரணை அறிக்கை சொல்கிறது. அவள் இருந்த வீட்டுக்குப் போக வேண்டிய போலீஸ் அதிகாரி போகவில்லை. காரணம், அவளுக்கு இருந்ததாகச் சொல்லப்பட்ட சொறிநோய் தனக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம். கதவைத் தட்டுவதும் வீட்டுக்குள் போய்ப் பார்ப்பதும் ஒன்றல்ல.

திங்கள் அதிகாலை, இன்னும் இருட்டு விலகாத நேரம், என்னையே கூப்பிட்டார்கள். தனிப் பிரிவின் பெண் அதிகாரியும் சமூகநலப் பணியாளர் ஒருவரும் அந்த வீட்டு வாசலில் நிற்கிறார்கள். கதவு வெளியே பூட்டியிருக்கிறது, உள்ளே பிள்ளைகளின் சத்தம் கேட்கிறது. பூட்டை உடைக்க ஆளும் வந்தாயிற்று. ஆனால் அவள் பயந்துபோய்த் தம்பியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஒளிந்துவிட்டாள். தெரிந்த குரல் வேண்டும். போனேன். ஜன்னலில் நின்று பேசினேன், கட்டிலுக்கு அடியிலிருந்து வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பூட்டை உடைத்தார்கள்.

அந்த அதிகாரி சாதாரண உடையில் இருந்தார். இதைச் சிலர் அலங்காரம் என்று நினைக்கலாம். இந்தியாவின் 2012-ம் வருடத்துப் போக்சோ சட்டம், பாலியல் குற்றங்களில் குழந்தையின் வாக்குமூலத்தை எழுதும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது என்று வரியாகவே எழுதிவைத்திருக்கிறது. ஜீப்பும் தொப்பியும் வந்து நின்ற அந்தத் திங்கட்கிழமையைப் பார்த்தவள் என்பதால் எனக்கு அந்த வரி எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்குள் அவர் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் நான் பார்த்ததிலேயே நல்ல போலீஸ் வேலை. வந்ததும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தார். சமையலறையில் என்ன இருக்கிறது, பிள்ளைகள் படுப்பது எங்கே, தண்ணீர் வருகிறதா, மருந்தும் தீப்பெட்டியும் எந்த உயரத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் படமெடுத்தார். இரண்டு வயதுக்காரனின் இடுப்புத்துணியை மாற்றும்போது சமூகநலப் பணியாளர் உடம்பைப் பார்த்துக்கொண்டார், எடை பார்க்க மருத்துவரிடம் கொண்டுபோகலாம் என்று முடிவுசெய்தார்கள். பெண்ணிடம் அதிகாரி பேசியது மொத்தம் நாலு வாக்கியம் இருக்கும். தன் பெயர், வேலை, இன்றைக்கு யார் யாரோடு எங்கே போகிறோம், தம்பியும் கூட வருவான். நடந்ததைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. "எல்லாம் அங்கே போய் ஒரே தடவை" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

அம்மா இரவு வேலை முடிந்து வந்தார். அவரை வாசலில் வைத்துக் கத்தவில்லை. தனியாக அழைத்துப் போய்ப் பேசினார்கள். கணவர் விட்டுப் போயிருக்கிறார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இருந்த பெண்மணி இரண்டு மாதம் முன்பு நின்றுவிட்டார், வேலையை விட்டால் வாடகை இல்லை. பணமில்லாமை வேறு, கவனிப்பின்மை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த போலீஸை அன்றுதான் பார்த்தேன். அதற்காக விட்டுவிடவும் இல்லை. பிள்ளைகளை இரவில் பூட்டிவிட்டுப் போனது போனதுதான், அதைப் பதிவும் செய்தார்கள்.

பிறகு, பிள்ளைகளிடம் வாக்குமூலம் வாங்குவதற்கென்றே இருக்கும் மையத்துக்குப் போனோம். ஸ்டேஷன் இல்லை, தனிக் கட்டடம். சிறிய நாற்காலிகள், பொம்மை அதிகமில்லாத ஓர் அறை (அதிகமிருந்தால் கவனம் சிதறுமாம்), மேலே ஒரு கேமரா. உள்ளே பிள்ளையும் பயிற்சி பெற்ற ஒரே ஒருவரும். அடுத்த அறையில் திரையில் பார்த்துக்கொண்டு அதிகாரி, சமூகநலப் பணியாளர், அரசு வழக்கறிஞர். கேட்க வேண்டியது எதுவும் விட்டுப்போனால் அங்கிருந்து சொல்லி அனுப்புவார்கள். இந்த யோசனை 1985-ல் அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில் நகரத்தில் பட் கிரேமர் என்ற அரசு வழக்கறிஞர் தொடங்கிய மையத்திலிருந்து பரவியது. ஐஸ்லாந்து 1998-ல் இதையே பார்னாஹுஸ், அதாவது பிள்ளைகளின் வீடு, என்ற பெயரில் ஆரம்பித்தது. மருத்துவப் பரிசோதனை, வாக்குமூலம், மனநல உதவி எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஐரோப்பாவில் பல நாடுகள் அதைப் பார்த்துத் தொடங்கியிருக்கின்றன.

நான் வெளியே தம்பியோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியக் கூடாது, தெரியவும் தெரியாது. ஆனால் எப்படிப் பேசுவார்கள் என்று முன்கூட்டியே விளக்கினார்கள். முதலில் சம்பந்தமில்லாத ஏதாவது ஒன்றை, போன பிறந்தநாள் மாதிரி, முதலிலிருந்து கடைசிவரை சொல்லச் சொல்வார்கள். பிள்ளைக்கு நீளமாகச் சொல்லிப் பழக்கம் வரட்டும் என்று. தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லலாம், நான் தப்பாகச் சொன்னால் திருத்தலாம் என்று விதி சொல்வார்கள். அப்புறம் "நடந்ததைச் சொல்லு", "அப்புறம் என்ன ஆச்சு", "அதைப் பற்றி இன்னும் சொல்லு". அவ்வளவுதான். யார், அடித்தாரா, இல்லையா எதுவும் கிடையாது. மைக்கேல் லாம்ப் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் உருவாக்கிய முறைக்கு இதுதான் அடிப்படை. இப்படி விட்டுக் கேட்டால் நாலு வயதுப் பிள்ளைகூட நிறைய சொல்லும், சொல்வதும் சரியாக இருக்கும் என்று ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். பதினாறு வருடம் பிள்ளைகளோடு இருந்தும் எனக்கு இது தோன்றவில்லை என்பது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

நாற்பது நிமிடத்தில் வெளியே வந்தாள். தம்பி எங்கே என்று கேட்டாள். இந்தத் தடவை எண்ணிக்கை, ஒன்று.

பிள்ளைகளைப் போலீஸ் பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் பலர் போன் செய்வதில்லை. அந்த அதிகாரம் இருக்கிறது, ஆனால் கடிவாளத்தோடு. இங்கிலாந்தில் 1989-ம் வருடத்துக் குழந்தைகள் சட்டப்படி, பெரிய ஆபத்து இருப்பதாகத் தக்க காரணத்தோடு நம்பும் போலீஸ் ஒரு பிள்ளையை நீதிமன்ற உத்தரவு இல்லாமலே பாதுகாப்பில் எடுக்கலாம். ஆனால் 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. என் விஷயத்தில் அது தேவைப்படவே இல்லை. அம்மாவின் சம்மதத்தோடு பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போனார்கள். அம்மாவுக்குப் பகல் வேலை மாற்றிக் கிடைக்க ஐந்து வாரம் ஆனது. கைது இல்லை. இப்போது அந்தப் பெண் பத்து மணிக்குத் தூங்குவதில்லை. வாய் ஓயாமல் பேசுகிறாள், அது வேறு கஷ்டம்.

இந்த இரண்டாவது தடவைக்கு ஐந்தாவது நட்சத்திரத்தை ஏன் கொடுக்கவில்லை என்றால், முதலில் அந்த வாரக்கடைசி. அது மன்னிக்க முடியாதது, நல்ல பிரிவை வைத்துக்கொண்டு அதற்கு விடுமுறை விடுவது. இன்னொன்று, பிள்ளைக்கு அப்புறம் என்ன ஆனது என்று புகார் கொடுத்தவரிடம் ஒரு வரி சொல்வதில்லை. ரகசியம் காக்க வேண்டும், புரிகிறது. ஆனால் "பார்த்துவிட்டோம், பிள்ளை பத்திரம்" என்று சொல்ல எந்த ரகசியமும் கெடாது. அந்தத் திங்களுக்கு அப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பெண் திரும்பப் பள்ளிக்கு வந்ததால் தெரிந்தது.

இதைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு: பிள்ளை ஏதாவது சொன்னால் நன்றாகக் காது கொடுத்துக் கேளுங்கள், நீங்கள் தோண்டாதீர்கள். அது சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி, தேதி போடுங்கள். வீட்டாரிடம் போய் விசாரிக்காதீர்கள். நிரூபிப்பது நம் வேலையல்ல, சந்தேகமே போதும். ஒன்பது நாள் காத்திருக்காதீர்கள், அதை நான் செய்ததால் சொல்கிறேன். அழைக்க வேண்டிய எண் இந்தியாவில் 1098, இலங்கையில் 1929, மலேசியாவில் 15999. பிள்ளை அந்த நிமிடமே ஆபத்தில் இருந்தால் உங்கள் நாட்டின் அவசர போலீஸ் எண்.

என் நோட்டு இன்னும் திரும்பி வரவில்லை. கோப்பில் சேர்த்துவிட்டார்களாம், வழக்கு மூடும்வரை கிடைக்காதாம். அதில் பின்பக்கம் ஆண்டுவிழா நாடகத்துக்கு யார் யாருக்கு என்ன வேஷம் என்று எழுதிவைத்திருந்தேன். ஐந்து முயல்கள், ஒரு ஆமை, எல்லாம் இப்போது போலீஸ் கோப்பில் இருக்கின்றன. வேறு நோட்டு வாங்கிவிட்டேன்.